டூவிக்ஸைக் கொன்றது சரியா?

ஸ்டார் ட்ரெக்: வாயேஜர் ரசிகர்கள் ரெண்டு பேர் சேர்ந்தால் போதும், 'டூவிக்ஸ்' பத்தி சண்டை வந்துடும். 1996-ல் வந்த எபிசோட். டிரான்ஸ்போர்ட்டர் கோளாறில் டூவாக், நீலிக்ஸ் இருவரும் ஒரே ஆளாகக் கலந்து வந்து இறங்குகிறார்கள் (கூடவே கொண்டுவந்த ஆர்க்கிட் செடி செய்த வேலை!). அந்தப் புது ஆள்தான் டூவிக்ஸ். சில வாரம் கழித்துப் பிரிக்கும் வழி கிடைக்கிறது. டூவிக்ஸ் சாக மறுக்கிறார். பிரிட்ஜில் எல்லாரிடமும் கெஞ்சுகிறார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

வழக்கமான வாதம், ஒரு உயிருக்கு ரெண்டு உயிர் என்ற கணக்கு. எனக்கு அது இடிக்கிறது. வழி முதல் நாளே கிடைத்திருந்தால் அதற்குப் பெயர் வைத்தியம். எங்கள் தொழிலில் தப்பான ரிலீஸை அன்றைக்கே ரோல்பேக் செய்தால் ஒன்றுமில்லை. வாடிக்கையாளர்கள் சில வாரம் டேட்டா ஏற்றியபிறகு செய்தால் அத்தனையும் போச்சு. டூவிக்ஸுக்கு அதற்குள் வேலை, நட்பு, சாவு பயம் எல்லாம் வந்துவிட்டது.

சம்மதம் இல்லாமல் உயிரை எடுக்க மாட்டேன் என்று டாக்டர் (அவரே ஒரு ஹோலோகிராம்) ஒதுங்கிவிடுகிறார். கேப்டன் ஜேன்வே தன் கையாலேயே செய்கிறார். அந்த முடிவு எனக்கு ஒப்பவில்லை. ஆனால் அவர் அதை இன்னொருத்தர் தலையில் கட்டவில்லை. பிறகு தனியாக வெளியே நடக்கிறார், எபிசோட் முடிகிறது. அடுத்த எபிசோடில் டூவிக்ஸ் என்ற பேச்சே இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.