மரக்கறி உண்பவர் மூளையில் நாடாப்புழு

மூளையின் நரம்பணுக்கள் மின்துடிப்பால் பேசிக்கொள்கின்றன. "பேசு" என்று தூண்டுவது குளுட்டமேட், "போதும்" என்று அடக்குவது காபா. இரண்டும் தராசுத் தட்டு மாதிரி. தராசு சாய்ந்து ஆயிரக்கணக்கான அணுக்கள் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டால் அதுவே வலிப்பு. சாய்வதற்குத் தலைக்காயம், பிரசவத்தில் மூச்சுத்திணறல், மரபு என்று காரணம் பல. நம் நாட்டில் முக்கியமான ஒன்று பன்றி நாடாப்புழு.

இதைச் சொன்னாலே நம்மவர் முகம் சுளிப்பர். எனக்குத் தெரிந்த சமணக் குடும்பம், பொழுது சாய்ந்தால் சாப்பிடாத வீடு, பையனுக்கு வலிப்பு வந்து ஸ்கேனில் புழுக்கட்டி தெரிந்தது. "வெளியில போய் என்னடா தின்னே?" என்று அவனை வதைத்துவிட்டார்கள். நான் மளிகை வியாபாரி, டாக்டர் இல்லை. அவனுக்காகத்தான் புத்தகங்களைப் புரட்டினேன்.

வேகாத பன்றிக்கறி தின்றவர் குடலில் புழு வளரும். மூளைக்குப் போவது அந்தப் புழு அன்று. அதன் முட்டையிலிருந்து வரும் குஞ்சு. முட்டை அவர் மலத்தோடு வெளியேறி, கை கழுவாத சமையல்காரர் விரலிலோ, சாக்கடை நீர் பாய்ந்த கொத்தமல்லியிலோ ஒட்டிக்கொள்ளும். அதை விழுங்க மாமிசம் தின்ன வேண்டியதில்லை. வடக்கே முட்டைக்கோஸை மட்டும் திட்டுகிறார்கள், பாவம். கழுவாமல் பச்சையாகத் தின்னும் எல்லாமே அதே கணக்குதான்.

குஞ்சுப்புழு குடலைத் துளைத்து, இரத்தத்தோடு மூளை சேர்ந்து, பட்டாணி அளவுப் பையாய் உட்காரும். உடலின் காவல் அணுக்கள் கண்ணில் மண்ணைத் தூவி, வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். வேடிக்கை என்னவென்றால், அது சாகத் தொடங்கும்போதுதான் பெரும்பாலும் தொல்லை. சுற்றிலும் வீக்கம், வலிப்பு. சிலருக்குப் பை கரைந்துபோகும். சிலருக்குச் சுண்ணாம்புத் தழும்பாகிப் பின்னாளிலும் தராசைச் சாய்க்கும்.

ஸ்கேனில் தெரியும் ஒற்றைச் சிறு கட்டியைக் காசநோய்க் கட்டி என்றே பலகாலம் எண்ணி மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் மாத்யூ சாண்டி, ராஜசேகர் முதலியோர் கட்டிகளை எடுத்துச் சோதித்துப் புழு என்று கண்டு, 1989-இல் எழுதினர். இத்தகைய கட்டி மறைந்தபின் பலருக்கு வலிப்பு மாத்திரையை டாக்டரே நிறுத்திவிடுகிறார். கல்யாணத்துக்குத் தடையாக இந்து திருமணச் சட்டத்தில் (சமணருக்கும் அதுதான்) இருந்த வலிப்பும் 1999-இல் நீக்கப்பட்டது.

ஒன்று மட்டும் கவனம். புழு செத்தால் வீக்கம் என்பதால், கடையில் பூச்சி மாத்திரை வாங்கி நாமே கொடுக்கக் கூடாது. வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டும் சேர்த்து டாக்டர்தான் தரவேண்டும்.