லினோலியம் வாங்கும் முன்

வண்ணப்பூச்சு டப்பாவைத் திறந்தபடி விட்டால் மேலே தோல்போல ஏடு படர்வதைப் பார்த்திருப்பீர்கள். ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுவதால் உண்டாவது அது. இங்கிலாந்தின் பிரெடெரிக் வால்ட்டன் 1860-களில் இதையே தரைவிரிப்பாக்கினார். இறுகிய எண்ணெயுடன் பைன் பிசின், தக்கைத்தூள், மரத்தூள் கலந்து சணல் துணியின்மேல் அழுத்தினால், அதுதான் லினோலியம்.

ஆனால் திருச்சிக் கடையில் "லினோலியம்" என்று கேட்டுப் பலர் வாங்கி வருவது வினைல் என்ற பிளாஸ்டிக்! துண்டு ஒன்றின் ஓரத்தில் சுட்ட ஊசியை வைத்துப் பாருங்கள் (பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும்). வினைல் உருகும், லினோலியம் கருகுமே தவிர உருகாது.

அசல் லினோலியமே கிடைத்தாலும், அதை எங்கே விரிப்பது? ஸ்ரீரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவிலுள்ள தீவு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, மண்ணின் ஈரம் சிமெண்டுத் தரையின் நுண்துளைகளில் ஏறும். மேலே விரிப்பு மூடிக்கொண்டால் ஈரம் ஆவியாக வழியின்றிச் சணல் இற்றுப்போகும். ஆகவே முதலில் ஒரு முழப் பிளாஸ்டிக் தாளைத் தரையில் நாற்புறமும் ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி கண்டால் அந்தத் தரைக்கு லினோலியம் வேண்டாம். மாடி அறைக்கு இந்தத் தொல்லை இல்லை.

வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் நம் வழக்கமும் இதற்கு ஆகாது. சலவைச் சோடா அதைவிட மோசம்: எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பாகுமல்லவா? விரிப்பிலுள்ள எண்ணெய்க்கும் அதே கதிதான். பளபளப்பு போய் வெடிப்பு விடும். காரமில்லாத சோப்புநீரில் நனைத்து, நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்தால் போதும்.