பெட்ரோலுக்கும் ஓர் ஏடு

நூலுக்கும் சாயத்துக்கும் உரத்துக்கும் தவறாது கணக்கெழுதும் நம் அங்கத்தினர் பலர், மோட்டார் சைக்கிளுக்கு ஊற்றும் பெட்ரோலுக்குக் கணக்கு வைப்பதில்லை. நூறும் இருநூறுமாகச் செலவாவதால் அது கண்ணிற்படுவதில்லை. 2017 ஜூன் 16 முதல் பெட்ரோல் விலையை நாள்தோறும் திருத்தும் முறை நாடெங்கும் வந்தது. விலை நம் கையில் இல்லை. ஓடும் தூரம் நம் கையில் உள்ளது.

கணக்கிடும் முறை எளிது. டாங்கியை முழுதும் நிரப்பி, மீட்டர் காட்டும் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்க. மறுமுறையும் முழுதும் நிரப்பி, இடையில் ஓடிய தூரத்தை அப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்திடுக. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது விளங்கும்.

சங்கத்திற்குப் போய்வர 20 கிலோமீட்டர், மாதம் 12 நடை எனக் கொள்வோம். தூரம் 240 கிலோமீட்டர். லிட்டருக்கு 48 கிலோமீட்டர் ஓடினால் 5 லிட்டர். லிட்டர் 100 ரூபாயெனில் 500 ரூபாய். அண்டை வீட்டார் நால்வர் முறைவைத்து, ஒருவரே நால்வரின் துணியையும் கொடுத்து நூலும் வாங்கிவந்தால், ஆளுக்கு 3 நடையே. செலவு 125 ரூபாய். ஆண்டில் மிஞ்சுவது 4,500 ரூபாய்.

அது நம் கூலியிலிருந்து கரைந்துகொண்டிருந்த பணம். பிள்ளைகளின் படிப்புக்கு அது உதவுமன்றோ? இம்மாதமே ஏட்டைத் தொடங்குவீர்களாக.