பாகம் பாகமாக – 11: மிஸஸ் புரௌடியைக் கொன்றது யார்?

போன வாரம், ஷெர்லக் ஹோம்ஸை சுவிட்சர்லாந்து அருவியில் தள்ளிவிட்டு, அவரைப் படைத்த டாயில் நிம்மதியாக மூச்சு விட்டதோடு நிறுத்தினோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளவும். நாவல் வரிசையில் ஒரு புதிய பாகம் கடைக்கு வருகிற அன்று, எழுதியவருக்கு உள்ளே என்ன ஓடும் என்று இந்த வாரம் சொல்வதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

அதற்காகத்தான் ஆண்டனி ட்ரொல்லப்பின் சுயசரிதையைப் பிரித்தேன். வெளியீட்டு நாளைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், மனிதர் என்னைக் கப்பலில் ஏற்றி எகிப்துக்கு அழைத்துப் போய்விட்டார்.

ட்ரொல்லப் தபால் இலாகா அதிகாரி. 1852-ல் ஜெர்சி தீவில் தெருவோரத் தபால் பெட்டி முளைத்தது அவர் சொன்ன யோசனையால்தான். உத்தியோகம் பார்த்துக்கொண்டே, பார்செட்ஷயர் என்று இல்லாத ஒரு வட்டாரத்தை உண்டாக்கி, 1855 முதல் 1867 வரை அதை வைத்து ஆறு நாவல்கள் எழுதினார். பாதிரிமார், பிஷப்புகள், அவர்கள் வீட்டம்மாக்கள், யாருக்கு எந்தப் பதவி, யார் வீட்டு விருந்துக்கு யாரைக் கூப்பிடவில்லை – இவ்வளவுதான் சரக்கு. இந்த ஊர்வம்பை வைத்துக்கொண்டு இங்கிலாந்தையே கட்டிப்போட்டார்.

விடியற்காலை ஐந்தரைக்கு அவர் மேஜையில் இருப்பார். எழுப்பிவிட்டுக் காபி கொடுப்பதற்காகவே குதிரைக்காரக் கிழவருக்கு வருஷத்துக்கு 5 பவுண்டு கூடுதல் சம்பளம். எதிரே கைக்கடியாரம். கால் மணி நேரத்துக்கு 250 சொல் விழவேண்டும். எத்தனை பக்கம் எழுதினார் என்று தினமும் ஒரு குறிப்பேட்டில் பதிந்துவைப்பார். சோம்பேறித்தனமாகக் கழிந்த நாள் அதில் முகத்துக்கு நேரே நிற்கும். இதைப் படித்த பிறகு எங்கள் உதவி ஆசிரியரிடம் 'மூட் வரவில்லை' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

சரி, எகிப்து. 1858-ல் இந்தியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற தபால், அலெக்சாண்ட்ரியாவில் இறங்கித் தரை வழியாக சூயஸ் போய் மறுபடி கப்பலேறும். மதராஸுக்கு வந்த கடுதாசியும் அப்படித்தான் வந்தது. இனி அதை ரயிலில் கொண்டுபோக எகிப்து அரசோடு ஒப்பந்தம் போட்டு வா என்று ட்ரொல்லப்பை அனுப்பினார்கள். பிப்ரவரி மாதம், மார்செய்லிலிருந்து கப்பல். கடல் மோசம். தொடரின் மூன்றாவது நாவலான 'டாக்டர் தோர்ன்' பாதியில் நிற்கிறது. கப்பல் கேபின் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறார், வயிற்றைப் புரட்டுகிறது, காகிதத்தை அப்படியே போட்டுவிட்டுத் தன் அறைக்கு ஓடி வாந்தி எடுக்கிறார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து எழுதுகிறார். ஒரு தடவை அல்ல, பல தடவை.

எகிப்தில் இறங்கினால் நூபர் பே என்ற அதிகாரி, வேலையாட்கள் புடைசூழ ட்ரொல்லப் தங்கிய ஓட்டலுக்கே வருகிறார். புகைக்குழாய், காபி, குசலம். தபாலை 24 மணி நேரத்தில் அக்கரை சேர்க்கவேண்டும் என்கிறார் ட்ரொல்லப். 48 மணி நேரம் வேண்டும் என்கிறார் பே. அவசரப்படுத்தினால் உயிர்ச்சேதம் வரும், நான் பதவியை விட்டே போய்விடுவேன் என்று மிரட்டியும் பார்க்கிறார். மறுபடி காபி. கடைசியில் 24 மணிதான் நின்றது. தபால்காரரிடம் நேரத்தைப் பேரம் பேசினால் இப்படித்தான் ஆகும். இதற்கும் நாவலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை, படித்ததிலிருந்து சிரித்துக்கொண்டே இருக்கிறேன், உங்களிடம் சொல்லாமல் முடியவில்லை.

சம்பந்தம் இருக்கிற விஷயம் ஒன்று உண்டு. எகிப்தில் இருக்கும்போதே 'டாக்டர் தோர்ன்' முடிந்தது. மறுநாள் காலை அடுத்த நாவலின் முதல் பக்கத்தை ஆரம்பித்துவிட்டார். கொண்டாட்டம் இல்லை, பெருமூச்சு இல்லை. புதிய பாகம் பிறந்த அன்று இந்த மனிதருக்கு என்ன ஓடியது என்று கேட்டால், கடியாரம் ஓடியது என்றுதான் சொல்லவேண்டும்.

புத்தகம் கடைக்கு வந்த பிறகு? கணக்கு. வரிசையின் முதல் நாவலான 'தி வார்டன்' 1855 முடிவில் 9 பவுண்டு 8 ஷில்லிங் 8 பென்ஸ் தந்தது. மறு வருஷ முடிவில் 10 பவுண்டு 15 ஷில்லிங் 1 பென்னி. கூட்டினால் 20 பவுண்டும் சில்லறையும். வரிசையின் கடைசி நாவலுக்கு 3,000 பவுண்டு. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தக் கடைசி நாவலில், கிராலி என்ற ஏழைப் பாதிரியார் மீது ஒரு செக்கைத் திருடியதாகப் பழி விழுகிறது. செக்கின் தொகை 20 பவுண்டு! தற்செயலாகவே இருக்கட்டும். முதல் புத்தகத்தின் வருமானத்தைப் பென்னி வரைக்கும் நினைவு வைத்திருந்த ஆளிடம் இதைத் தற்செயல் என்று விட எனக்கு மனம் வரவில்லை.

இப்படிப்பட்டவர் ஒரே ஒரு நாள் தடுமாறினார். 1866. லண்டன் பால் மாலில் உள்ள அத்தினியம் கிளப்பின் நீண்ட ஹாலில், ஒரு மூலையில் உட்கார்ந்து அந்தக் கடைசி நாவலை எழுதிக்கொண்டிருக்கிறார். கணப்புக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக இரண்டு பாதிரியார்கள் வந்து அமர்கிறார்கள். ஆளுக்கு ஒரு பத்திரிகை. இரண்டிலும் ட்ரொல்லப் கதை. இந்த ஆளுக்குப் புதிதாக யாரையும் படைக்கத் தெரியாதா, எப்போது பார்த்தாலும் அதே ஆர்ச்டீக்கன், அதே கிழட்டுப் பிரபு என்று ஆரம்பித்து, மிஸஸ் புரௌடியிடம் வந்து வறுத்தெடுக்கிறார்கள்.

மிஸஸ் புரௌடி பிஷப்பின் மனைவி. பேருக்குத்தான் அவர் பிஷப். மறைமாவட்டத்தை ஆள்வது அம்மாள். 1857-ல் இரண்டாவது நாவலில் நுழைந்தவள், அதற்குப் பிறகு நகரவே இல்லை.

கேட்டுக்கொண்டிருந்தவரால் அதற்கு மேல் எழுத முடியவில்லை. எழுந்து போய், குற்றவாளி நான்தான் என்று ஒப்புக்கொண்டார். அந்த அம்மாள் விஷயமா, வீட்டுக்குப் போய் இந்த வாரத்துக்குள் தீர்த்துக் கட்டிவிடுகிறேன் என்றார். அவர்கள் பதறிப்போனார்கள். அவர் சொன்னபடியே செய்தார்.

செய்த விதத்தைப் பாருங்கள். கணவனோடு மனஸ்தாபம், தன் அறைக்குப் போகிறாள். வேலைக்காரி வந்து பார்க்கும்போது உயிர் இல்லை. ஆனால் உடம்பு விழவில்லை. கட்டில் காலை ஒரு கையால் வளைத்துப் பிடித்தபடி நின்றுகொண்டே இருக்கிறது. செத்த பிறகும் படுக்க மறுத்தவள். கீழே பிஷப், மனைவி போனதில் சந்தோஷப்பட்டுவிடக் கூடாதே என்று பயந்து பிரார்த்தனை செய்கிறார். கோபத்தில் கொல்கிறவன் இவ்வளவு கவனமாகக் கொல்ல மாட்டான்.

அதனால்தான் இரண்டு பாதிரியார்கள் மேல் முழுப்பழியையும் போட எனக்குச் சம்மதமில்லை. அந்த அலுப்பு அவருக்குள்ளேயே இருந்திருக்க வேண்டும்; வெளியிலிருந்து ஒருவர் வாய்விட்டுச் சொன்னதும் அது சாக்காகிவிட்டது. தொடர் எழுதுகிற யாருக்கும் இது தெரியும். 'இன்னும் எத்தனை வாரம்?' என்று தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர் எனக்குப் போஸ்ட்கார்டு போட்டிருக்கிறார். அவருடைய கேள்வியைவிட, அதைப் படித்ததும் எனக்குள் வந்த 'அதானே' தான் உறுத்துகிறது.

பிறகு ட்ரொல்லப் வருத்தப்பட்டார். அவளைப் பற்றி எழுதுவதில் தனக்கு இருந்த சந்தோஷத்தையும், அவள் ஆவியோடு இன்னமும் தான் காலம் தள்ளுவதையும் சுயசரிதையில் ஒளிக்காமல் சொல்கிறார். புத்தகம் என்னவோ நன்றாக அமைந்தது. வரிசையிலேயே சிறந்தது என்று அவரே நினைத்தார். 1866 டிசம்பரிலிருந்து 32 வாரம், வாரம் ஆறு பென்ஸ் பகுதிகளாக வந்தது. ஒரு ஷில்லிங்குக்குக் கட்டுக்கட்டாகக் கதை கொடுத்த மாதப் பத்திரிகைகள் போட்டிக்கு நின்றதால், அந்த வாரப் பகுதி முறை எதிர்பார்த்த அளவு எடுபடவில்லை. வாசகர் அவள் சாவைப் படித்து அதிர்ந்த வாரத்தில் எழுதியவருக்கு அது பழைய சங்கதி. முழுதும் முன்பே எழுதி முடித்தாகிவிட்டது. வெளியீட்டு நாளின் உணர்ச்சி என்று நான் தேடியது இவரிடம் பல மாதம் முன்னதாகவே, கிளப் ஹாலில் ஒரு காலை நேரத்தில், நடந்து முடிந்துவிட்டது.

பக்கம் கட்டுகிற தம்பி மறுபடி போன் செய்துவிட்டார், இடம் தீர்ந்துவிட்டதாம். அடுத்த வாரமும் ட்ரொல்லப்தான். அரசியல்வாதிகளை வைத்து எழுதிய இன்னொரு வரிசையில், கிளென்கோரா என்ற, எல்லாருக்கும் பிடித்த நாயகியைக் கொன்றார். இந்தத் தடவை காட்சிகூட வைக்கவில்லை, கடைசிப் பாகத்தின் முதல் பக்கத்துக்கு முன்பே ஆள் போய்விட்டாள். அதே நாவலை நாலு தொகுதியிலிருந்து மூன்றாகக் குறைக்க அவரே உட்கார்ந்து வெட்டினார். கால் மணிக்கு 250 சொல் என்று எண்ணி எழுதியவர், சொல் சொல்லாக எண்ணி வெட்டிய கதை அது. டாயில் காத்திருக்கட்டும்.

(தொடரும்)