உங்களுக்குத் தெரியுமா? பிரசவம் பார்க்க யாருக்கு உரிமை?

● நூறு பிள்ளைகளைக் கையில் ஏந்திய அனுபவம் இருந்தாலும், சென்னை சாந்தோமில் இயங்கும் தமிழ்நாடு செவிலியர்கள் மற்றும் தாதியர்கள் குழுமத்தின் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் இங்கே ஒருவர் பதிவு பெற்ற தாதி. இந்தப் பதிவேட்டுக்கு அடித்தளமான சட்டம் சென்னை மாகாணத்தில் 1926-லேயே வந்துவிட்டது. நாடு முழுவதற்குமான இந்திய செவிலியர் குழுமச் சட்டம் 1947-இல்தான் வந்தது.

● பிரசவம் பார்க்கும் பயிற்சிப் பள்ளி சென்னையில் 1854-இல் தொடங்கியது. பின்னாளில் லண்டனில் புகழ்பெற்ற டாக்டராக விளங்கிய மேரி ஷார்லீப், 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்வதற்கு முன் எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் தாதிப் பயிற்சி பெற்றவர்தான்.

● பதிவேட்டுக்குப் போக மூன்று வழிகள் உண்டு. ஏ.என்.எம். (துணைச் செவிலியர்-தாதி) 2 ஆண்டு, ஜி.என்.எம். (பொதுச் செவிலியர்-தாதி) 3 ஆண்டு, பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. எதில் சேரவும் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். பிளஸ் டூவில் கலைப் பிரிவு எடுத்த பெண்களும் ஏ.என்.எம். படிக்கலாம் என்பது பல வீடுகளுக்குத் தெரிவதில்லை. பி.எஸ்சி.க்கு மட்டும் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். மதுரைப் பக்கம் மேலூர், உசிலம்பட்டி, சேடபட்டி ஊர்களில் வீடு வீடாக வரும் நர்சம்மா ஏ.என்.எம். படிப்பின் வழியாக வந்தவர்.

● மதுரை டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள் டாக்டர் சௌந்தரம், 1947-இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கினார். அங்குள்ள கஸ்தூரிபா மருத்துவமனையில் ஏ.என்.எம். பள்ளியும் உண்டு. கிராமத்துப் பெண்ணின் பிரசவத்தைப் படித்த கிராமத்துப் பெண்ணே பார்க்க இத்தகைய பள்ளிகள் வழி செய்தன. இந்தப் பக்கத்துக்கு அவை செய்திருக்கும் உதவி பெரிது.

● பெங்களூரில் நர்சிங் படித்துவிட்டு ஊர் திரும்பும் பிள்ளைகள் கவனிக்க: அங்கே பதிவு செய்திருந்தாலும், இங்கே வேலை பார்க்கத் தமிழ்நாட்டுக் குழுமத்திலும் பதிவு வேண்டும். இனி சேரப் போகிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்பே கல்லூரியின் அங்கீகாரத்தைப் பார்த்துவிடுங்கள்.

● டாக்டர் வரும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் நர்சின் வேலை என்று இன்னும் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பயிற்சி பெற்ற ஏ.என்.எம்.களும் ஸ்டாஃப் நர்சுகளும் சில உயிர்காக்கும் மருந்துகளைத் தாங்களே கொடுக்க மத்திய அரசு 2005-இல் அனுமதித்தது. குழந்தை பிறந்ததும் கருப்பை சுருங்கி ரத்தப்போக்கு அடங்குவதற்கான ஆக்ஸிடோசின் ஊசி அவற்றில் ஒன்று. ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்தால், முதல் டோஸ் மெக்னீசியம் சல்பேட் போட்டுவிட்டுத்தான் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வேண்டும். சேடபட்டிப் பக்கத்திலிருந்து ஆம்புலன்ஸ் மதுரைக்கு வர ஒரு மணி நேரமாவது பிடிக்கும். பிரசவத்துக்குப் பின் ரத்தம் கொட்டும் தாய்க்கு இரண்டு மணி நேரம்கூட மிஞ்சாமல் போகலாம். அந்த முதல் ஊசியைப் போடத் தெரிந்தவர் ஊரிலேயே இருப்பது எவ்வளவு பெரிய பாதுகாப்பு!

● செய்யக் கூடாததும் உண்டு. 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி கருக்கலைப்பு செய்யும் உரிமை தகுதியுள்ள பதிவுபெற்ற டாக்டருக்கு மட்டுமே. தாதி செய்தால் குற்றம்.

● நர்சாகப் பதிவு செய்தவர் இன்னும் 18 மாதம் படித்து ‘நர்ஸ் பிராக்டிஷனர் இன் மிட்வைஃப்ரி’ ஆகலாம். சிக்கலில்லாத பிரசவங்களைத் தன் பொறுப்பிலேயே கவனிக்கும் இந்தப் பணிக்கு மத்திய அரசு 2018-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்தியாவில் தாதிமை நெடுங்காலம் நர்சிங்குக்குள்ளேயே அடங்கிக் கிடந்தது. தாதிமைக்குத் தனி மதிப்பு தேடும் இந்த முயற்சி மிகத் தாமதமாக வந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1902-லேயே தாதியருக்கென்று தனிச் சட்டம் இயற்றினார்கள். 1910 முதல் சான்று பெறாதவர் கூலிக்குத் தொடர்ந்து பிரசவம் பார்ப்பது அங்கே குற்றம்.

● வீட்டில் குழந்தை பிறந்தாலும் 21 நாளுக்குள் பதிவாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். பிரசவம் பார்த்தவருக்கும் பிறப்பைத் தெரிவிக்கும் கடமை உண்டு என்கிறது 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம்.

● 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஒரு இளம் தாய் ரத்தப்போக்கால் இறந்தார். வீடியோ பார்த்து முயன்றதாகச் செய்திகள் வந்தன. அதன் பிறகும் ‘இயற்கைப் பிரசவம்’ சொல்லித்தருவதாக விளம்பரம் செய்பவர்கள் இருக்கிறார்கள். யாராவது அப்படி உங்கள் வீட்டுப் பெண்ணிடம் பேசினால், அவருடைய குழுமப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால், அவரை வாசலோடு அனுப்பிவிட்டு உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அவசரமென்றால் 108.