விழுந்துகொண்டே இருக்கும் நிலையம்

விண்வெளி நிலையத்தில் வீரர்கள் ஏன் மிதக்கிறார்கள்? எந்த வகுப்பில் கேட்டாலும் "அங்கே புவியீர்ப்பு இல்லை சார்" என்றுதான் முதல் குரல் வரும். பன்னாட்டு விண்வெளி நிலையம் பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். பூமியின் ஆரமோ 6,371 கிலோமீட்டர். ஆக, மையத்திலிருந்து கொஞ்சம்தான் தள்ளிப் போயிருக்கிறோம்; ஈர்ப்பில் ஏறத்தாழ 89 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு ஒரு கோபுரம் கட்டி, உச்சியில் எடை பார்க்கும் இயந்திரத்தை வைத்தால், தரையில் 60 கிலோ காட்டியவருக்கு அது 53 காட்டும். மிதக்கவெல்லாம் முடியாது.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்துகாட்டுவது எளிது. பிளாஸ்டிக் பாட்டிலின் அடிப்பக்கத்தில் ஒரு துளை போட்டு, நீர் நிரப்பி, மூடியைத் திறந்தே வையுங்கள். நீர் பீய்ச்சும். இப்போது பாட்டிலைக் கைவிடுங்கள். விழும் அந்தக் கணத்தில் பீய்ச்சல் நின்றுவிடும்! (மாடியிலிருந்து போட்டால் நன்றாகத் தெரியும், கீழே ஆள் இல்லையே என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) பாட்டிலும் நீரும் ஒரே வேகத்தில் விழுவதால் நீர் பாட்டிலை அழுத்துவதில்லை. எடை என்று நாம் உணர்வது அந்த அழுத்தத்தைத்தான்.

நிலையமும் அப்படி விழுந்துகொண்டுதான் இருக்கிறது, உள்ளே இருப்பவர்களோடு சேர்ந்து. ஒரு விநாடியில் அது பூமியை நோக்கி நான்கு மீட்டருக்குச் சற்று அதிகமாக விழுகிறது. அதே விநாடியில் பக்கவாட்டில் 7.6 கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. அவ்வளவு தூரத்துக்குள் பூமியின் வளைவும் அதே நான்கு மீட்டர் சொச்சம் கீழே இறங்கிவிடுவதால், விழுந்தும் தரை வந்து சேர்வதில்லை.

எடையின்மைக்கு விண்வெளிதான் போகவேண்டும் என்பதுமில்லை. ஜெர்மனியின் பிரெமன் நகரிலுள்ள கோபுரத்தில் காற்று நீக்கிய 110 மீட்டர் குழாயில் ஆய்வுப் பெட்டியை விழவிடுகிறார்கள். ஐந்து விநாடிக்குக் கொஞ்சம் குறைவாகக் கிடைக்கிறது. சென்னை ஐஐடியிலும் இரண்டரை விநாடிக் கோபுரம் ஒன்று உண்டு, தீ எரியும் விதத்தை ஆராய. எடையில்லாத இடத்தில் சூடான காற்று மேலே எழாது. அதனால் மெழுகுவத்திச் சுடர் கூம்பாமல் நீல உருண்டையாக நிற்கும்.

எடை போனாலும் பொருண்மை போவதில்லை. உடம்பு இளைத்ததா என்று பார்க்க வீரர்கள் சுருள்வில் பொருத்திய கருவியில் தம்மைப் பிணைத்துக்கொண்டு ஆடுகிறார்கள். பொருண்மை கூடியவர் மெதுவாக ஆடுவார். அலைவு நேரத்தை வைத்து கிலோ கணக்கிடப்படும்.