எண்ணெயை அள்ளியாச்சு, சரி... கணக்கு எங்கே?

மிக்ஜாம் புயல் மழை விட்ட கையோடு, 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரம் முழுக்கக் கறுப்பாக எண்ணெய்ப் படலம். மணலியில் இருக்கும் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். எங்கள் குழாய் எதுவும் கசியவில்லை என்றது நிறுவனம். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம் பக்கத்து மீனவர்கள்.

அரசு அறிவித்த நிவாரணம் 8.68 கோடி ரூபாய். 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500, 787 படகுகளைப் பழுதுபார்க்கத் தலா 10,000, பாதிக்கப்பட்ட வேறு 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய். இந்த எண்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியலில் ஏறாத படகு, அரசைப் பொறுத்தவரை எண்ணெய் படாத படகுதான்.

எண்ணெய்க் கசிவு என்றதும் நம் கண்ணுக்குத் தெரிவது வாளி, மக், லாரி, வெள்ளை உடுப்பு போட்ட ஆட்கள். ஆனால் வாரியமும் பசுமைத் தீர்ப்பாயமும் பிறகு கேட்பது வேறு. எங்கே, எந்தத் தேதியில், எவ்வளவு இருந்தது? யார் எடுத்தார்கள்? எடுத்ததை எங்கே கொண்டுபோனார்கள்? சிக்கல் என்னவென்றால், சுத்தம் செய்யும் வேலையே தடயத்தையும் சேர்த்து அழித்துவிடும். கரையைக் கழுவிய பிறகு அங்கே எண்ணெய் இருந்தது என்று நிரூபிக்க, கழுவுவதற்கு முன் எடுத்த பதிவைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாது.

பாட்டிலில் பிடித்தால் போதாதா?

போதாது. 1974 நீர்ச் சட்டத்தின் 21-வது பிரிவு இதில் ரொம்பக் கறார். ஆலைக் கழிவுநீரில் மாதிரி எடுக்கும்போது நிர்வாகத்துக்கு அங்கேயே நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மாதிரியை இரண்டாகப் பிரித்து, சீல் வைத்து, இரு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். இந்த முறையைப் பின்பற்றாவிட்டால், ஆய்வக முடிவு எவ்வளவு மோசமாக வந்திருந்தாலும் நீதிமன்றத்தில் சாட்சியமாக எடுபடாது.

எண்ணெய்க்கும் கைரேகை மாதிரி ஒன்று உண்டு. ஒவ்வொரு வகை எண்ணெயிலும் சில வேதிப்பொருட்கள் கலந்திருக்கும் விகிதம் வேறுபடும். கழிமுகத்தில் எடுத்த மாதிரியையும் ஆலையில் எடுத்த மாதிரியையும் ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் வெயிலிலும் தண்ணீரிலும் கிடக்கக் கிடக்க எண்ணெயின் லேசான பகுதி ஆவியாகிவிடும், ஒப்பிடுவது கடினமாகும். முதல் ஓரிரு நாட்களில் எடுத்த மாதிரிக்கு இருக்கும் மதிப்பு, பத்து நாள் கழித்து எடுத்ததற்கு இருக்காது.

எத்தனை டன் என்பது ஏன் எப்போதும் சண்டை?

2017 ஜனவரி 28 அதிகாலையில், எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பு இல்லை என்றுதான் முதலில் துறைமுகம் அறிவித்தது. பின்னால் வந்த அரசுத் தரப்பு மதிப்பீடு சுமார் 196 டன் எண்ணெய்!

யாரோ பொய் சொன்னார்கள் என்பதோடு இதை முடித்துவிட முடியாது. கனமான உலை எண்ணெய் கடல் தண்ணீரை உறிஞ்சி, கூழ் போல ஆகி, பல மடங்கு உப்பிவிடும். கரைக்கு வந்தால் மணலும் சேரும். ஆகவே வாரியெடுத்த கசடு 100 டன் என்றால் கொட்டியது 100 டன் என்று அர்த்தமில்லை. கசடில் எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தண்ணீர், எவ்வளவு மணல் என்று அன்றன்றே அளந்து எழுதியிருந்தால்தான் திரும்பக் கணக்குப் போட முடியும். 'இத்தனை லாரி அள்ளினோம்' என்ற பெருமை அறிக்கை இதற்கு உதவாது.

அந்த லாரி எங்கே போனது என்பதும் முக்கியம். 2016 அபாயகரக் கழிவு விதிகளின்படி, அனுப்புகிறவர் படிவம் 10-ஐ ஏழு பிரதிகளில், ஒவ்வொன்றும் ஒரு நிறத்தில், நிரப்ப வேண்டும். சரக்கைப் பெற்றவரின் கையெழுத்தோடு அது திரும்பி வர வேண்டும். பார்க்க வெறும் காகித வேலை போலத் தெரியும். அது இல்லாவிட்டால், ஒரு கரையில் அள்ளிய கசடை இன்னொரு ஏரிக்கரையில் கொட்டினாலும் கண்டுபிடிக்க வழியில்லை.

உங்கள் ஊரில் நடந்தால்?

போனில் தேதி, நேரம், லொக்கேஷன் ஆன் செய்து படம் எடுங்கள். ஒரே இடத்தை, ஒரே கோணத்தில், தினமும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்த விவரங்கள் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், ஒரிஜினலை போனிலிருந்து அழிக்காதீர்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்கும்போது, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி ஒரு சான்றிதழும் கேட்பார்கள். இன்று எடுத்த படம் வழக்கு நாள்வரை பத்திரமாக இருந்தால்தான் அதை வாங்க முடியும்.

மீனவர்களுக்கு இன்னொன்றும் உண்டு: கசிவுக்கு முந்தைய மாதங்களின் மீன் ஏலச் சீட்டு, டீசல் பில். பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்க 5 ஆண்டு அவகாசம் இருக்கிறது. ஆனால் வருமானம் எவ்வளவு குறைந்தது என்று காட்ட, முன்பு எவ்வளவு இருந்தது என்பதற்கு அந்தச் சீட்டுகள் கையில் இருக்க வேண்டும்.